பாக்கெட் இருந்த இடம்

1942-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மிஸூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண்மணி இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளை எடுத்துத் தையல் பிரித்தார். வயலில் உழைத்து வெளுத்த பேன்ட்டுகளும் சட்டைகளும் அவை. வெட்டிய துண்டுகளைப் பட்டை பட்டையாகச் சேர்த்து ஒரு போர்வை தைத்தார். கணவரின் நினைவாக அதைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம் என்று, கூட இருந்து உதவிய மகள் ஆர்லோன்சியா பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார்.

ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்ள, நாக்கு நீட்டியது போலக் கிடக்கும் நிலம். முன்பு பருத்தித் தோட்டம். அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் ஊர்க்காரர்கள். தோட்ட முதலாளியின் பெட்வே என்ற பெயரே இன்றும் பாதி ஊருக்குக் குடும்பப் பெயர். அக்கரைக்குப் போக இருந்த ஒரே படகையும் 1962-இல் நிறுத்திவிட்டார்கள். கறுப்பினத்தவர் அக்கரைக்குப் போய் வாக்காளராகப் பதிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்த காலம் அது. படகு மறுபடி ஓடியது 2006-இல். அதே ஆண்டில் அந்த ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் அமெரிக்கத் தபால்தலைகளில் 10 வடிவங்களில் வெளிவந்தன. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கியாகிவிட்டது.

இந்த வகைப் போர்வைக்கு க்வில்ட் என்று பெயர். மேலே ஒட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த பரப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் ஊடுருவி நூல் ஓட்டிப் பிணைத்திருப்பார்கள். ஜீஸ் பெண்ட்டின் ஜீன்ஸ் துணிப் போர்வைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் கண் நின்றுவிடும். வெளிறிய நீலத் துண்டின் நடுவே, கரும் நீலத்தில் ஒரு சதுரம். யாரும் அதைத் தைத்துச் சேர்க்கவில்லை. அது பாக்கெட் இருந்த இடம். பாக்கெட்டைப் பிரித்து எடுத்துவிட்டார்கள்; அதன் நிழல் மட்டும் தங்கிவிட்டது. வேறொரு துண்டில், முழங்கால் தேய்ந்த இடம் வெண்ணிலவு போல வெளுத்திருக்கும். தூரிகை தொடாமல் வரைந்த படம் என்றே சொல்லலாம். வரைந்தது வெயிலும் உழைப்பும். ஆனால் எல்லாச் சாயமும் இப்படி வரைய விடாது. இந்த வேலைக்கு நீலம்தான் சரி.

நீலத்தின் கதை விசித்திரமானது. அவுரிச் செடியின் இலை பச்சைதான். நீலம் அதில் எங்கும் தெரியாது. இலைக்குள் இருப்பது சர்க்கரையோடு பிணைந்த, நிறமற்ற ஒரு பொருள். இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் நொதித்துச் சர்க்கரை கழன்றுகொள்ளும். மிச்சத்தைக் காற்றுப்பட அடித்துக் கலக்கினால் ஆக்சிஜனோடு சேர்ந்து நீல வண்டலாக அடியில் படியும். அந்த வண்டல் தண்ணீரில் கரையாது. கரையாததைத் துணிக்குள் எப்படிச் செலுத்துவது? ஆக்சிஜன் இல்லாத, காரமான தொட்டியில் போட்டு வேதி ஒடுக்கம் செய்ய வேண்டும். இப்போது அது கரையும். ஆனால் நீலம் போய், மஞ்சள் கலந்த பச்சையாகியிருக்கும். துணியை அதில் முக்கி எடுத்தால் பச்சையாகத்தான் வெளியே வரும். பிறகு காற்று படப்பட, கண்ணெதிரிலேயே, ஓரங்களில் தொடங்கி நீலம் பரவும். எத்தனை முறை பார்த்தவர்களும் சாயத் தொட்டிக்கருகே ஒரு நொடி பேச்சை நிறுத்திவிடுகிற தருணம் அது.

இதில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. நீலம் நூலோடு வேதிப் பிணைப்பு எதையும் செய்துகொள்வதில்லை. கரைந்த நிலையில் இழைக்குள் நுழைந்தது, காற்றுப் பட்டதும் மறுபடி கரையாததாகி அங்கேயே மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஜீன்ஸ் துணிக்கு நூலைச் சாயத்தில் சற்று நேரமே முக்கி முக்கி எடுப்பதால், நீலம் நூலின் மேல் வட்டத்தோடு நின்றுவிடும். நடு வெள்ளையாகவே இருக்கும். உரசினால் மேலிருக்கும் நீலம் உதிர்ந்து உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். முழங்கால் மண்ணில் பட்டால் அங்கே வெளுக்கும். பாக்கெட்டின் அடியில் உரசலும் வெயிலும் எட்டாததால் அங்கே வெளுக்காது. மிஸூரி பெட்வே காலத்து ஜீன்ஸில் இருந்தது செடி நீலமாக இருந்திருக்காது. ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 1897-லேயே ஆலை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. மூலக்கூறு என்னவோ இரண்டிலும் ஒன்றேதான். செடியில் பிறந்தாலும் ஆலையில் பிறந்தாலும் அது உதிரும் விதம் மாறுவதில்லை.

பழந்துணி ஏன் அவ்வளவு மென்மை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, பாட்டியின் பழைய நூல் புடவைதான் என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. தூளியும் அதில்தான். அந்தப் புடவை நூறு முறை துவைபட்டிருக்கும். நெசவின்போது ஏற்றிய கஞ்சி எப்போதோ போயிருக்கும். பருத்தி இழை, நுண்ணோக்கியில் பார்த்தால், முறுக்கிய நாடா மாதிரி இருக்கும். தேயத்தேய அதன் மேற்பரப்பில் மயிர் போன்ற நுண்சிலும்புகள் எழும்பும். கன்னத்தில் படும்போது இதமாகத் தெரிவது அவைதான். இன்னும் உள்ளே போனால், பருத்தியின் செல்லுலோஸ் என்பது ஆயிரக்கணக்கான சர்க்கரைக் கண்ணிகள் கோத்த சங்கிலி. வெயில், சூடு, அமிலம் ஒவ்வொன்றும் அந்தச் சங்கிலியை ஆங்காங்கே அறுக்கும். ஆக நாம் மெத்தென்று தடவிப் பார்ப்பது துணி நைவதன் முதல் கட்டத்தை. அதற்கு அடுத்த கட்டத்தில் அது விரலோடு வந்துவிடும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்வார்கள். நூறு வயது க்வில்ட் துண்டைக் கசக்கினால் கட்ட எதுவும் மிஞ்சாது.

எல்லாத் துணியும் ஒரே வேகத்தில் நைவதில்லை என்பதுதான் பழந்துணியை வைத்துக் கலை செய்கிறவர்களின் முதல் தலைவலி. 19-ஆம் நூற்றாண்டு க்வில்ட் ஒன்றை விரித்தால், சிவப்புத் துண்டு திடமாக இருக்கும், பக்கத்திலேயே நீலம் நன்றாக இருக்கும், இரண்டுக்கும் நடுவே பழுப்புத் துண்டு மட்டும் பொடிப்பொடியாகியிருக்கும். சில துணிகளில் இன்னும் வேடிக்கை: பூவும் இலையும் அப்படியே இருக்க, அவற்றைச் சுற்றிய கறுப்புக் கோடு மட்டும் இற்று, துணி சல்லடைபோலக் கிடக்கும். க்வில்ட்டின் அந்த மூன்று துண்டுகளும் ஒரே கை தைத்தவை, ஒரே கட்டிலில் கிடந்தவை, ஒரே தொட்டியில் துவைபட்டவை.

காரணம் இரும்பு. நீலத்தைப் போலன்றி, மற்றச் செடிச் சாயங்கள் பலவற்றை இழையில் பிடித்து நிறுத்த ஓர் உலோக உப்பு தேவைப்படுகிறது. படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் சிவப்பைப் பிடித்து நிறுத்தும். அன்னபேதி போன்ற இரும்பு உப்பு, கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்பையும் பழுப்பையும் தரும். இந்தக் கூட்டணி நமக்குப் பழக்கமானதுதான். பழைய மையும் இதே இரும்பும் துவர்ப்பும்தான். ஐரோப்பாவின் பழைய கையெழுத்துப் படிகளில் எழுத்து இருந்த இடமெல்லாம் ஓட்டையாகிப் போயிருப்பதும் இதனால்தான். இரும்பு அணு இரண்டு நிலைகளுக்கு இடையே மாறி மாறி ஊசலாடக்கூடியது. ஒவ்வொரு ஊசலிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் செல்லுலோஸ் சங்கிலியின் மேல் ஏவிவிடும். தான் செலவாகாது. ஒரு கண்ணியை அறுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். அலுமினியத்துக்கு இந்த ஊசலாட்டம் தெரியாது. ஆகவே படிகாரச் சிவப்பு பிழைத்தது, இரும்புக் கறுப்பு தான் இருந்த துணியையே தின்றது.

உலோக உப்பால் நிறத்தைப் பிடித்து நிறுத்தும் இந்த வித்தையை உலகுக்குப் பெரிய அளவில் காட்டியவர்களில் நம் சோழமண்டலக் கரைக்காரர்களும் உண்டு. சீட்டித் துணி என்று நாம் சொல்வது, ஐரோப்பாவில் சின்ட்ஸ் ஆகி, 17-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு பித்தையே கிளப்பியது. துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைப்பார்கள். துவர்ப்பு சாயத்துக்கு, பாலின் கொழுப்பு, கோடு கசிந்து பரவாமலிருக்க. இரும்பும் வெல்லமும் வாரக்கணக்கில் ஊறிய நீரால் கறுப்புக் கோடு. சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீர். பிறகு துணி முழுவதையும் சாயவேரோடு கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். இம்பூரல் என்றும் பெயருள்ள அந்தச் சிறு செடி, சிப்பி கலந்த கடலோர மணலில் வளர்ந்தால் சிவப்பு இன்னும் ஆழமாக வரும். சிப்பியின் சுண்ணாம்பு, அதாவது கால்சியமும், அலுமினியத்தோடு சேர்ந்து அந்தச் சிவப்பைக் கட்டுவதில் பங்கெடுக்கிறது என்பது பின்னாளில் தெரிந்த வேதியியல். வேரைத் தோண்டியவர்களுக்கு எந்தக் கரையின் வேர் நல்ல வேர் என்பது மட்டும் தெரிந்திருந்தது. எனக்கு அதுவே பெரிய அறிவாகப் படுகிறது.

இங்கிலாந்தின் நெசவாளர்களும் கம்பளிக்காரர்களும் இந்தத் துணியைக் கண்டு கொதித்தார்கள். 1700-இல் நிறைவேறிய சட்டம் அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதிக்குத் தடை போட்டது. 1721 சட்டம் ஒரு படி மேலே போய், உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் கூடாது என்றது. பிரான்ஸில் 1686 முதல் 1759 வரை தடை. தடை போட்டால் ஆசை வளராதா? வாங்கி வைத்த துணியின் கடைசித் துணுக்குக்கும் மதிப்பு வந்தது. இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆன ஒட்டுப் படுக்கை விரிப்புகள் இருக்கின்றன. 1708-ஐ ஒட்டியவை என்று சொல்லப்படுகிறது. பிற்பாடு, சீட்டித் துணியிலிருந்து ஒரு மயிலையோ பூங்கொத்தையோ மட்டும் கத்தரித்து, வெள்ளைத் துணியில் ஒட்டித் தைக்கும் பாணி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியது. ஒரு முழம் சீட்டியைக்கொண்டு ஒரு கட்டில் விரிப்பையே பூக்கவைத்துவிடலாம்.

அந்தப் பழைய விரிப்புகளில் இலைகள் நீலமாக இருப்பதைப் பார்த்து, அக்காலத்து ரசனை இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. பச்சைக்கென்று தனிச் சாயம் இல்லை. அவுரி நீலத்தின் மேல் ஒரு செடி மஞ்சளைத் தீட்டுவார்கள். மஞ்சள் வெயிலுக்குத் தாங்காது, நீலம் தாங்கும். காலப்போக்கில் மஞ்சள் வெளியேற, மரத்தில் நீல இலைகள் தொங்குகின்றன. நாம் அருங்காட்சியகத்தில் பார்த்து வியக்கும் பல நிறச் சேர்க்கைகள் இப்படி யாரும் திட்டமிடாதவை.

1856-இல் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குவினைனைச் செய்யப் போய், கரிக்கீலிலிருந்து ஊதா நிறம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அடுத்து 1869-க்குள், சாயவேரிலும் மஞ்சிட்டி இனத்து வேர்களிலும் சிவப்புத் தரும் அலிசரினையே ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். வேர் தோண்டுகிறவர்களின் பிழைப்பு அதோடு சுருங்கத் தொடங்கியது. இந்தப் புதுச் சாயங்களில் பல கெட்டிச் சாயமாகவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கப் பெண்கள் ஆசையாகத் தைத்த பச்சை இலைகள் இன்று காக்கி நிறத்தில் கிடக்கின்றன. 1884-இல் வந்த காங்கோ சிவப்பு, படிகாரம் எதுவும் கேட்காமல் பருத்தியில் நேராக ஏறியது. துவைத்தபோது அதே சுலபத்தில் இறங்கியும் விட்டது. சாயங்கள் ஒவ்வொன்றும் பிறந்த தேதி தெரியும் என்பதால் ஒரு நன்மை உண்டு. எந்தக் க்வில்ட்டும் தன்னிடமுள்ள மிகப் புதிய சாயத்தைவிடப் பழையதாக இருக்க முடியாது. கொள்ளுப்பாட்டி காலத்தது என்று விற்க வருகிறவரின் சாயம் வெளுக்க அதுவே போதும்.

பட்டின் கதை இன்னும் சோகம். பட்டு நூலைக் கொதிக்கவைத்துப் பசை எடுத்தால் எடையில் கால் பங்கு குறைந்துவிடும். பட்டு விற்பதோ எடைக்கு. போன எடையை ஈடுகட்ட வெள்ளீய உப்புகளை ஏற்றினார்கள். ஏற்ற ஏற்றத் துணி கனத்து, பணக்காரத்தனமாகச் சரசரத்தது. எனவே போனதைவிட அதிகமாகவே ஏற்றினார்கள். 1876 பிலடெல்பியா கண்காட்சியில் ஜப்பானியப் பொருள்களைப் பார்த்த மோகத்தில், கோணல்மாணலான பட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ‘கிறுக்கு க்வில்ட்’ அமெரிக்கா முழுக்கப் பரவியபோது, இந்தக் கனத்த பட்டும் அதில் ஏராளமாகப் போய்ச் சேர்ந்தது. இன்று அந்தத் துண்டுகள் கண்ணாடி விரிந்த மாதிரி நேர்கோடுகளில் பிளந்து கிடக்கின்றன. சில இடங்களில் பட்டு முழுக்க உதிர்ந்துபோக, மேலே போட்ட பூவேலை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

க்வில்ட்டைக் கட்டிலிலிருந்து சுவருக்கு ஏற்றிய நிகழ்ச்சிகளில் முக்கியமானது 1971-இல் விட்னி அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சி. ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் தாங்கள் திரட்டிய பழைய அமெரிக்கக் க்வில்ட்டுகளை, நவீன ஓவியங்களைத் தொங்கவிடுவது போலவே அங்கே தொங்கவிட்டார்கள். 1979-இல் ஒஹையோவின் ஏதென்ஸ் நகரில், பால் பண்ணைக் கொட்டகையாக இருந்த ஒரு கட்டடத்தில் க்வில்ட் நேஷனல் என்ற கண்காட்சி தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான நான்சி க்ரோ போன்றவர்களுக்குக் கடையில் கிடைத்த துணியின் நிறங்கள் போதவில்லை. தாங்களே சாயம் போடத் தொடங்கினார்கள். அதற்கு வழிவிட்டதும் ஒரு வேதியியல் கண்டுபிடிப்புதான்.

அதுவரை வந்த சாயங்களெல்லாம் பருத்தியில் குடியிருந்தவை மட்டுமே. நீலம் மாட்டிக்கொண்டு இருந்தது, சிவப்பு படிகாரத்தின் தயவில் இருந்தது, காங்கோ சிவப்பு சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. 1954-இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் இயன் ராட்டி, வில்லியம் ஸ்டீஃபன் என்ற இருவர், செல்லுலோஸோடு நேரடியாகவே பிணைந்துகொள்ளும் சாயத்தைக் கண்டுபிடித்தார்கள். பிணைந்தபின் சாயமும் துணியும் ஒரே மூலக்கூறு. 1956-இல், பெர்கினின் ஊதாவுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, புரோசியான் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. கொதிக்கவைக்க வேண்டாம். சலவைச் சோடா கரைத்த தண்ணீரும் அறை வெப்பமும் போதும். சமையலறைத் தொட்டியில் ஒரு பெண் தனியாக நின்று கெட்டிச் சாயம் போட முடிந்தது வரலாற்றில் சின்ன விஷயமா?

சாயம் போடும்போது வேண்டுமென்றே ஒழுங்கைக் குலைப்பதுதான் கலைஞர்களின் விளையாட்டு. வெள்ளைத் துணியைக் கசக்கி ஒரு ஜாடியில் அடைத்து, முழுதும் மூழ்காத அளவுக்கு மட்டும் ஊதாச் சாயத்தை ஊற்றுகிறார்கள். ஊதா என்று ஊற்றியது சிவப்பும் நீலமும் கலந்த கலவை. இரண்டும் ஒரே வேகத்தில் பிணைவதில்லை. துடுக்கான சிவப்பு, முதலில் கண்ட இழையையே பற்றிக்கொள்கிறது. நிதானக்கார நீலம் மடிப்புகளுக்குள் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து போய் அமர்கிறது. துணியை விரித்தால் நடுவே ஊதா, அதற்கப்பால் நீலக் கரை, இடையிடையே ரத்த நாளம்போலச் சிவப்பு. இரண்டாம் முறை அதே வடிவம் வராது.

ஒரு பங்குச் சாயம் துணியைச் சேராமல் தண்ணீரோடேயே பிணைந்து வீணாகிறது. அதை அலசி வெளியேற்றித்தான் ஆக வேண்டும். தண்ணீரில் பருத்திக்கும் சாயத்துக்கும் ஒரே எதிர்மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். அதைத் தணிக்கக் கைநிறைய உப்புப் போட வேண்டும். சமையலறையில் இது ஒரு பக்கெட் கணக்கு. ஊர் முழுக்கச் சாயப்பட்டறை என்றால் என்ன ஆகும் என்பதை நொய்யல் ஆறு நமக்குக் காட்டிவிட்டது. 2011 ஜனவரியில் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதன் பின்னணியில், இந்த மின்னேற்றமும் அது கேட்ட உப்பும் இருக்கின்றன.

புதுச் சாயத் துணியையும் பழந்துணியையும் ஒரே சட்டத்தில் சேர்க்கும்போது கைப்பழக்கத்தோடு கொஞ்சம் ரசாயனமும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. ஈரப்படுத்திய வெள்ளைத் துணியால் ஓரத்தில் ஒற்றிப் பார்ப்பார்கள்; சிவப்பு இறங்கினால் அது தண்ணீரைப் பார்க்கவே கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழை எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நைந்த துண்டின் பின்னால் மெல்லிய துணி ஒன்றைத் தாங்கலாகக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் முரட்டுப் புதுத்துணி, இழுவிசை வரும்போது, தான் கிழியாமல் பக்கத்துப் பழசைக் கிழித்துவிடும். பழுப்பைக் கண்டால் இரும்போ என்று ஒரு சந்தேகம் வைத்திருப்பார்கள். இருந்தும் சிலர் அதைத் தெரிந்தே சேர்க்கிறார்கள். இருபது ஆண்டில் அந்த இடம் இற்று உள்ளிருக்கும் பஞ்சு தெரியட்டும் என்று விடுவதும் ஒரு தேர்வுதான். வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சரி.

ஜீஸ் பெண்ட் பெண்கள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள், கையில் கிடைத்ததைச் சேர்த்தார்கள் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1970-களில் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தபோது மிஞ்சிய துண்டுகள் ஊருக்குள் பரவின. அந்தக் கார்டுராயை அவர்கள் ஜீன்ஸைப் போல வெட்டவில்லை. வரிகொண்ட அந்தத் துணி ஒளியை ஒரு திசையில் விழுங்கி மறு திசையில் திருப்பும் என்பதைக் கவனித்து, துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார்கள். ஒரே பச்சை இரண்டு பச்சையாகத் தெரிகிறது. பாக்கெட்டைப் பிரித்த பிறகு அந்தக் கரும் சதுரத்தை வெட்டி எறியாமல், கண்ணில் படும் இடத்தில் வைத்ததும் அதே கண்தான்.

அருங்காட்சியகங்களில் இத்தகைய துணிகளுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விடுவதில்லை. அந்தி மங்கலைப் போன்ற ஒளி. சில மாதம் தொங்கியபின் இறக்கி, உருளையில் சுற்றி, இருட்டில் ஓய்வு கொடுக்கிறார்கள். கரும் சதுரத்தைச் சுற்றியிருக்கும் வெளிறிய நீலம் வயலிலேயே தன் வெயிலை வாங்கி முடித்துவிட்டது. பாக்கெட்டின் அடியில் இருந்த சதுரத்துக்கு, தையல் பிரித்த அன்றுதான் முதல் வெளிச்சம் விழுந்தது.